அரசாங்க நாக்கு

வேடியப்பனின் வாயில் இருந்த நாக்கு அரசாங்கத்துக்குச் சொந்தமானது. பல், உதடு, அவ்வப்போது வந்துபோகும் வாய்ப்புண் இவை மட்டுமே அவனுடையவை. நாக்கின் எண் 4417. அந்த எண்ணைப் பதித்த அன்று கொடுத்த அட்டையில் 'சேதமின்றித் திருப்பி ஒப்படைக்கப்பட வேண்டும்' என்று அச்சடித்திருந்தது. எப்படி ஒப்படைப்பது என்று அவன் அப்போது கேட்கவில்லை. அரசு வேலை கிடைத்த சந்தோஷத்தில் இருப்பவன் அதையெல்லாம் கேட்பானா?

பிறவி நாக்குதான்; அதில் அரிசி நொய் அளவில் பதினெட்டு உணரிகளைப் பதித்து அரசாங்கம் தனதாக்கிக்கொண்டது. ஒரு வாய் தண்ணீர் பட்டால் போதும், பத்து விநாடியில் அதன் ஜாதகம் குடிநீர்ச் சான்று ஆணையத்தின் சர்வருக்குப் போய்விடும். அந்த இடத்துக்கு எந்த ஆழ்துளைக் கிணறு பக்கமோ அதன் பெயரில் முடிவு பதிவாகும். தாடை எலும்பு ஒருமுறை அதிர்ந்தால் பச்சை. மூன்று முறை அதிர்ந்தால் சிவப்பு. அந்தக் கிணற்றின் மோட்டார் அந்த நொடியே தானாகப் பூட்டிக்கொள்ளும். வேடியப்பன் அழுதாலும் திறக்காது. ஒருமுறை அழுது பார்த்திருக்கிறான்.

அது கல்யாணமான மூன்றாம் நாள். மாமனார் வீட்டில் ஆசையாகக் கொடுத்த மோரைக் குடித்தான். நைட்ரேட். பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தபோது மாமனாரின் மோட்டார் நின்றது. "மாப்பிள்ளை கை வெச்சா வெளங்கும்னு நெனச்சேன், வாய் வெச்சுட்டாரு" என்று மாமனார் பேசியது இன்றுவரை சொந்தக்காரர்களிடம் உலவுகிறது.

சர்வருக்குத் தண்ணீர் எது, மற்றது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. நாக்கில் பட்ட ஈரமெல்லாம் அதற்குத் தண்ணீர்தான். மாமியார் வைத்த ரசத்துக்குத் தோல் தொழிற்சாலைக் கழிவு என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. இளநீர் குடித்தான், பொட்டாசியம் அளவு மீறியதாகத் தென்னைமரத்துக்கு நோட்டீஸ் வந்தது. அதன்பிறகு வேடியப்பன் வெளியில் எங்கே போனாலும் ஆணையம் தந்த நீல பாட்டிலோடு போனான். அதில் கலந்திருக்கும் ஏதோ ஒன்றை அடையாளம் கண்டு நாக்கு பேசாமல் இருந்துவிடும். ஆறு வருடமாக அடுத்தவர் வீட்டில் அவன் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

தருமபுரிக்குக் கிழக்கே ஏரிப்புதூர் என்ற ஊருக்கு அவன் போனது மேல்தெருத் தொட்டியின் வருடாந்தரச் சோதனைக்காக. ஊராட்சிச் செயலர் மாதையன் தன் வண்டியில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். ஐம்பது வயது, சட்டைப்பையில் நான்கு பேனா, நான்கிலும் மை இல்லை என்பது கையெழுத்துப் போடும் நேரத்தில் மட்டும் தெரியவரும்.

"ஒரு சந்தேகங்க சார். மிஷின்ல பாக்காம எதுக்குங்க நாக்கு? பாக்கவே ஒரு மாதிரியா இருக்குதுங்களே."

"மிஷின்ல பாத்துட்டுதான் இருந்தாங்க. பாட்டில்ல தண்ணி புடிச்சு லேபுக்கு அனுப்பச் சொன்னா, உங்கள மாதிரி பெரியவங்க கேன் தண்ணிய ஊத்தி அனுப்பிட்டீங்க. மாநிலம் முழுக்க ஒரே ரிசல்ட்டு. எல்லாக் கிணத்துலயும் ஒரே கம்பெனித் தண்ணி."

மாதையன் வண்டியின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினார். "நம்ம ஊர்ல அப்படியெல்லாம் கெடையாதுங்க."

"பாட்டில மாத்தலாம், நாக்க மாத்த முடியாதில்ல? அதான். லஞ்சம் வாங்கிட்டு நானே மாத்தி எழுதலாம்னாலும் முடியாது. எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி சர்வருக்குத் தெரிஞ்சிடும். என் வாயில நடக்கிற விஷயம் எனக்குத்தான் கடைசியா வந்து சேருது."

"ருசியாவது தெரியுங்களா?"

தெரியும். அவனைப் போன்ற சோதகர் உஷாராக இருக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு நச்சுக்கும் ஒரு சுவையை ஒதுக்கியிருந்தார்கள். நைட்ரேட்டுக்குத் தீய்ந்த பால். ஆர்செனிக்குக்கு அன்னாசிப்பழம்; அதை முடிவு செய்த கூட்டம் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் நடந்ததாகக் கேள்வி. ஃப்ளோரைடுக்கு வெல்லம். ஃப்ளோரைடு தனக்கென்று ருசியோ நிறமோ இல்லாத சரக்கு, இந்தப் பக்கமெல்லாம் பாறைக்குள்ளிருந்து கரைந்து வந்து பல்லையும் மூட்டையும் கெடுப்பது. தருமபுரிப் பக்கம் வேலை பார்ப்பவன் நாளெல்லாம் இதைத்தான் வாயில் வைக்கப்போகிறான், பாவம், இனிப்பாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஏதோ ஒரு பொறியாளர் இரக்கப்பட்டிருக்கிறார்.

மேல்தெருத் தொட்டியில் ஒரு வாய் வைத்துத் துப்பினான். ஒரு அதிர்வு. பச்சை. வராமல் என்ன செய்யும்? நான்கு வருடம் முன்னால் வேறொரு நாக்கு வந்து மேல்தெருக் கிணற்றுக்குச் சிவப்பு காட்டி, சட்டப்படி ஆற்றுத் தண்ணீர்க் குழாய் வந்துவிட்டது. வேலை பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. திரும்பும் வழியில், காலனி முனையில், ஒரு பெண் சாலையின் நடுவில் நின்று வண்டியை மறித்தாள்.

"எங்க போர்வெல்ல எப்ப சார் பாப்பீங்க?"

"இவங்க செங்கொடிங்க. காலனித் தொட்டிக்கு மோட்டார் போடறவங்க" என்று வேடியப்பனிடம் சொல்லிவிட்டு மாதையன் அவள் பக்கம் திரும்பினார். "அது லிஸ்ட்ல இல்லன்னு எத்தன தடவ சொல்றது?"

"லிஸ்ட்ட நீங்கதான வெச்சிருக்கீங்க? அதான் ஒவ்வொரு தடவையும் உங்களையே கேக்கறேன்."

வேடியப்பன் டேப்லெட்டைத் திறந்தான். ஏரிப்புதூர் காலனி ஆழ்துளைக் கிணறு. வகை: புழக்கநீர். குடிநீர் அல்ல. சோதனை தேவையில்லை.

"ஏம்மா, இது புழங்கற தண்ணின்னு போட்டிருக்குதே. யார் சொன்னது?"

"நான்தான் சொன்னேன்." செங்கொடி சிரிக்கவில்லை. "பதினோரு வருசம் முன்னாடி கணக்கெடுக்க ஒரு மேடம் வந்தாங்க. இந்தத் தண்ணிய என்ன பண்றீங்கன்னாங்க. இதத்தான் மேடம் புழங்கறோம்னேன். குடிக்க, ஆக்க, குளிக்க எல்லாத்துக்கும் இதான், வேற எதப் புழங்கறது? தலைய ஆட்டி எழுதிக்கிட்டாங்க. நானும் ரொம்ப நல்ல மேடம், சொன்னத அப்படியே எழுதறாங்கன்னு சந்தோசப்பட்டேன்."

படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்திருக்கும். அந்த மேடத்தின் ஊரில் புழங்குவது என்றால் பாத்திரம் தேய்ப்பது, கால் கழுவுவது. செங்கொடியின் ஊரில் புழங்குவது என்றால் உயிரோடு இருப்பது. ஒரே சொல், இரண்டு கட்டம், பதினோரு வருடம்.

"திருத்தச் சொல்லி மனு குடுக்கலியா?"

"மூணு குடுத்தேன். இவரு பையில நாலு பேனா இருக்குது பாருங்க, அதுல ஒண்ணுகூட எழுதல."

மாதையன் தூரத்து யூகலிப்டஸ் மரங்களில் ஏதோ முக்கியமான சங்கதியைக் கண்டுபிடித்தவர்போல் பார்த்தார். "திருத்தணும்னா ஊராட்சித் தீர்மானம் வேணுங்க சார். தீர்மானம் போட்டா ஆத்துத் தண்ணியப் பங்கு போடணும். மேல்தெருவுல ஒத்துக்கணுமில்லீங்களா..." வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முடிக்காமலே பழகிய வாக்கியம்.

"அஞ்சு நிமிசம் வீட்டுக்கு வந்துட்டுப் போங்க சார்" என்றாள் செங்கொடி.

ஓட்டு வீடு. எதிரே தெருவுக்கு அந்தப் பக்கம் காலனித் தொட்டி. மோட்டார் ஓடும் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. பன்னிரண்டு வயது மகள் இலக்கியா புத்தகத்திலிருந்து நிமிர்ந்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். இரண்டு வயதுச் சின்னது தரையில் ஒரு டம்ளரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. மாதையன் வாசலோடு நின்றுகொண்டார்.

செங்கொடி துடைத்த சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

வேடியப்பன் ஆறு வருடப் பழக்கத்தில் கையைக் குறுக்கே ஆட்டினான். "வேணாம்மா. பாட்டில் இருக்குது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. இலக்கியா புத்தகத்தில் குனிந்துகொண்டாள். செங்கொடி சொம்பைக் கீழே வைக்கவில்லை.

"மாதையன் அண்ணன் குடிக்க மாட்டாரு. அது எங்களுக்குத் தெரிஞ்சதுதான். உள்ள வரமாட்டாரு, கேக்கவும் மாட்டோம். நீங்க உள்ள வந்துட்டீங்க. அதான், குடிப்பீங்கன்னு நெனச்சுட்டேன்."

வேடியப்பன் வேறொரு ஊரின் மேல்தெருக்காரன். இந்த மாதிரி வீடுகளில் தண்ணீரை வேண்டாமென்று சொல்லும் தன் சித்தப்பாக்களைப் பார்த்து வளர்ந்தவன். அவர்களைப் பார்த்து வெட்கப்பட்டும் இருக்கிறான். இப்போது சித்தப்பாவின் கை தன் தோளிலிருந்து முளைத்து ஆடியதைப் பார்த்தான்.

"அதில்லம்மா. நான் குடிச்சா உங்க மோட்டார் பூட்டிக்கும். இங்க பாருங்க." வாயைத் திறந்து நாக்கை நீட்டினான். நாற்பது வயதில் ஒருவன் தன் நல்லெண்ணத்தை நிரூபிக்க நாக்கை நீட்ட வேண்டியிருப்பது பற்றி அவனுக்கே ஒரு கருத்து இருந்தது. வாய் திறந்திருந்ததால் சொல்ல முடியவில்லை. இலக்கியா கிட்டே வந்து எண்ணினாள். "பதினெட்டு இருக்குதும்மா! ஜவ்வரிசி மாதிரி!" சிரித்தபோது வாயை மூட மறந்துவிட்டாள். பற்களில் வரிவரியாகத் தேயிலைக் கறை நிறம்.

அவன் பார்த்ததைச் செங்கொடி பார்த்தாள். "இவளுக்கு ஆனது ஆச்சு சார். எனக்கும் முட்டி மடங்கறதில்ல. சின்னதுக்குப் பால்பல்லுதான் இருக்குது. வெளியில வரப்போற பல்லு ஈறுக்குள்ள இப்பதான் உருவாகுதாம். இப்பவே தண்ணிய மாத்தினா தப்பிச்சுக்கும்னு நர்சம்மா சொன்னாங்க. இப்பவேன்னா எப்பன்னு கேட்டேன். நேத்தேன்னாங்க."

வேடியப்பன் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"ஏன் சார், நீங்க குடிச்சா பூட்டிக்கும்னீங்களே. அப்புறம்?"

"துப்பினா ஒண்ணும் ஆகாது. பட்டியல்ல இல்லாத கிணறு, சர்வர் தள்ளிடும். விழுங்கினாதான்..." நிறுத்தினான். பயிற்சி வகுப்பில் தூங்கிக்கொண்டே கேட்ட விதி ஒன்று எழுந்து வந்தது. "விழுங்கினா அது குடிநீர்னு பதிவாயிடும். விதி பதினாலு. சோதகர் விழுங்கிய நீர் குடிநீர் எனக் கருதப்படும். குடிக்கக்கூடாத தண்ணிய ஒருத்தன் முழுங்குவான்னு எழுதினவங்களுக்குத் தோணல போல."

"குடிநீர்ல செவப்பு வந்தா?"

"பூட்டு. அன்னிக்கே லாரித் தண்ணி. மூணு நாளைக்குள்ள ஆத்துக் குழாய் இழுக்கணும்."

"தீர்மானம்?"

"வேணாம்."

வாசலில் மாதையன் இருமினார். "சார், டைம் ஆவுதுங்க."

செங்கொடி சொம்பை மறுபடி நீட்டினாள்.

வேடியப்பன் வாங்கினான். அண்ணாந்து குடிக்கவில்லை, வாய் வைத்தே குடித்தான், முழுச் சொம்பையும். குளுகுளுவென்று இறங்கியது. வெல்லத்துக்காகக் காத்திருந்தான். ஒன்றும் இனிக்கவில்லை. தாடை ஒருமுறை அதிர்ந்தது. அடுத்த இரண்டுக்காகத் தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வரவில்லை.

டேப்லெட்டில் எழுத்துகள் வந்தன. ஏரிப்புதூர் காலனி. வகை: குடிநீர். பாதுகாப்பானது. அடுத்த சோதனை: ஐந்து ஆண்டுகள் கழித்து.

"ஏம்மா," என்றான் மெதுவாக, "இது எந்தத் தண்ணி?"

"கேன் தண்ணி சார்." அவள் முகத்தில் ஒரு பெருமை. "நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சதும் காலையிலயே மேல்தெருக் கடையிலேர்ந்து தூக்கியாந்து வெச்சேன். கேன் வண்டி இங்க வராது. வந்தவங்களுக்கு எங்க தண்ணியப் போயி எப்படிக் குடுக்கறது? இங்க வெச்சு எதக் குடிச்சாலும் எங்க மோட்டார்தான் பூட்டிக்கும்னு நெனச்சேன்."

அவன் டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினான். இலக்கியா அதை உரக்கப் படித்தாள். ஐந்து ஆண்டுகள் என்ற இடத்தில் அவள் குரல் நின்றது. ஐந்து வருடத்தில் சின்னதின் வாயில் என்னென்ன முளைத்திருக்கும் என்று அந்த வீட்டில் யாருக்கும் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. செங்கொடி உட்காரப் பார்த்தாள்; முட்டி மடங்காததால் சுவரில் முதுகைச் சரித்து, காலை நீட்டி, ஒரு மூட்டையை இறக்குவதுபோல் தன்னை இறக்கிக்கொண்டாள்.

"பச்சன்னா நல்லதுதானுங்களே" என்றார் மாதையன், முதல்முறையாக வாசற்படியில் ஒரு காலை வைத்து. "கவர்மென்ட்டே நல்ல தண்ணின்னு சொல்லிடுச்சு. விடுங்க."

வேடியப்பன் யோசித்தான். இதற்கும் ஒரு விதி இருந்தது. ஒரே நாளில், ஒரே கிணற்றில், ஒரே நாக்கு இரண்டு விதமாகச் சொன்னால் சிவப்புதான் செல்லும். நாக்கு நம்பத்தகாதது என்று திரும்ப அழைக்கப்படும். சேதமின்றித் திருப்பி ஒப்படைக்க வேண்டும். உணரிகளை எடுக்கும்போது அவற்றைச் சுற்றிப் பிறவியிலிருந்து இருந்த சுவைமொட்டுகளும் சேர்ந்து வந்துவிடும். அவனுக்கு மூத்த சோதகர் சவுரிமுத்துவுக்கு அப்படித்தான் ஆனது. போன பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போனபோது சாம்பாரில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். டப்பா மாறிவிட்டது என்று சொன்னதற்கு, "அப்படியா? ரெண்டும் வெள்ளையா இருக்குதுப்பா" என்றார்.

தான் பெரிய தியாகி இல்லை என்பது வேடியப்பனுக்குத் தெரியும். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பதற்கே அடுத்த நிறுத்தம்வரை யோசிப்பவன். மனைவி வைக்கும் கருவாட்டுக் குழம்பு நினைவுக்கு வந்தது. அதற்கு இதுவரை ஏழு நோட்டீஸ் வந்திருக்கிறது, ஏழும் தகும்.

"நீங்க குடிக்கிற தண்ணி எதும்மா?"

"வேணாம் சார்."

"குடும்மா."

"அது வேணாம் சார். நல்லாருக்காது." செங்கொடி எழப் பார்த்தாள். "இன்னொரு சொம்பு கேன் தண்ணி வேணா..."

தன் குழந்தைக்கு வேறு வழியில்லாமல் கொடுப்பதை அவனுக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. மூலையில் பச்சைப் பிளாஸ்டிக் குடம் இருந்தது. வேடியப்பனே போனான். டம்ளரைத் தேடினான், சின்னது தன்னுடையதைக் கொடுக்க மறுத்துவிட்டது. கையிலிருந்த சொம்பையே முக்கி எடுத்தான்.

"சார்," என்றார் மாதையன், "வேலைக்கு ஒலை வெச்சுக்காதீங்க."

குடித்தான். வெல்லம். பாகு காய்ச்சும் கொப்பரைக்குள் தலையை விட்டதுபோல் வெல்லம். இவ்வளவு இனிப்பை அவன் இந்தப் பக்கத்தில் எந்தக் கிணற்றிலும் பார்த்ததில்லை. கடைசிச் சொட்டுவரை விழுங்கினான்.

ஒன்று. இரண்டு. மூன்று.

தெருவுக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் இறங்கு குரலில் முனகி நின்றது. பிறகு அவன் தாடையில் இதுவரை வந்திராத நீளமான நாலாவது அதிர்வு ஒன்று வந்தது. அதுதான் நாக்குக்கான ஓலை.

டேப்லெட்டில் ஆணை வந்திருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்குத் தருமபுரி அலுவலகம். அதுவரை சோதகர் எதையும் உண்ணவோ பருகவோ கூடாது.

"சாப்பிட்டுப் போங்க சார்" என்றாள் செங்கொடி. அவன் சிரித்தான்.

ஆக, வேடியப்பன் கடைசியாக ருசித்தது ஏரிப்புதூர் காலனித் தண்ணீர். கருவாட்டுக் குழம்பு இல்லை.

சட்டம் மூன்று நாள் என்றது. குழாய் நாற்பத்தோராம் நாள் வந்தது. அதுவரை லாரி. முதல் வாரம் காலனி முழுக்கச் செங்கொடியை வைதது. ஆளை வீட்டுக்குக் கூப்பிட்டு, ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை நிறுத்தியவள் என்றார்கள். அவள் குடங்களை வரிசைப்படுத்தி வைத்துவிட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து லாரிக்குக் காத்திருந்தாள்.

வேடியப்பனை ஆணையத்தின் முறையீட்டுப் பிரிவுக்கு மாற்றினார்கள். ரசம், மோர், பாயசம் ஆகியவற்றின் பேரில் தவறுதலாக வந்த நோட்டீஸ்களை ரத்து செய்யும் வேலை. எந்தச் சுவையின் பக்கமும் சாயாதவன் அதற்குப் பொருத்தமானவன் என்று மேலதிகாரி குறிப்பு எழுதினார். மாமனார் வீட்டில் அவனுக்கு மறுபடி மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, "நல்லாருக்குதுங்க மாமா" என்றான். மாமனார் ஓரக்கண்ணால் மோட்டார் அறையைப் பார்த்துக்கொண்டார்.

நான்கு மாதம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவன் ஏரிப்புதூரில் இறங்கினான். மாதையன் கூடவே வந்தார். வாசல்வரை வந்தவருக்கு ஒரு போன் வந்துவிட்டது. அவருடைய போன் அடித்த சத்தம் வேறு யாருக்கும் கேட்கவில்லை.

"வாங்கண்ணா!" செங்கொடி அதே சொம்பைத் துடைத்துத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

வேடியப்பன் ஒரு வாய் எடுத்தான். விழுங்காமல் பழக்கதோஷத்தில் வாயிலேயே வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மனதுக்குள் பத்து எண்ணினான். "அண்ணன் வாய் கொப்பளிக்கிறாரும்மா" என்று இலக்கியா சிரித்தாள். சின்னது எழுந்து நின்று தன் டம்ளரிலிருந்து ஒரு வாய் எடுத்து, அவனைப் போலவே கன்னத்தை உப்பிக் காட்டியது.

தாடையில் ஒன்றும் நடக்கவில்லை. விழுங்கினான்.

"கேன் தண்ணியாம்மா?"

"அய்ய, உங்களுக்கு எதுக்குண்ணா கேன் தண்ணி? நாங்க குடிக்கிறதுதான் உங்களுக்கும்." அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்படி இருக்குது?"

ஆறு வருடமாக இந்தக் கேள்விக்கு அவனைக் கேட்காமல் அவன் நாக்கே பதில் சொல்லிவந்தது. இன்று அது சும்மா கிடந்தது. பதிலை அவன்தான் சொல்ல வேண்டியிருந்தது.

சொம்பில் மிச்சமிருந்ததையும் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, காலிச் சொம்பை நீட்டினான்.

"இன்னொரு சொம்பு குடும்மா."